டேப்லெட் வாங்கும் வியாபாரிகள் கவனத்திற்கு!



பில் போடவும் இருப்புப் பார்க்கவும் இன்று பல மளிகைக் கடைகளில் கல்லாவுக்குப் பக்கத்திலேயே டேப்லெட் வந்துவிட்டது. வாங்கப் போனால், "திரை ரொம்பத் துல்லியம் சார்" என்று சொல்லித்தான் விலையைக் கூட்டுகிறார்கள். அந்தத் துல்லியம் நமக்கு எவ்வளவு தேவை?

மருங்காபுரியில் எங்கள் கடைக்கு மலிவாக ஒன்று வாங்கினேன். ஒருநாள் 2.5 கிலோ மிளகு என்று இருந்ததைப் பையன் 25 என்று படித்து மூட்டையாகவே வேனில் ஏற்றிவிட்டான். பில்லோ இரண்டரைக் கிலோவுக்கு. வாங்கியவர் நாணயஸ்தர், மறுநாளே திருப்பி அனுப்பினார். திரையைத்தான் திட்டினேன். ஆனால் இரவில் பார்த்தால் அதே புள்ளி நன்றாகத் தெரிந்தது! பகலில் வாசல் வெளிச்சம் அடித்ததும், எழுத்து பொடியாக இருந்ததுமே காரணம்.

துல்லியம் என்பது ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளிகள் என்ற கணக்கு. 10.1 அங்குலத் திரையில் 1280×800 என்றால் அங்குலத்துக்குச் சுமார் 150 புள்ளி. 1920×1200 என்றால் சுமார் 224. நல்ல கண்ணுக்கு ஓரடி தூரத்தில் சுமார் 285 புள்ளி வரை வித்தியாசம் தெரியும். இரண்டடி தூரத்தில் அதில் பாதிதான். எனவே கல்லாவில் ஸ்டாண்டில் வைத்துப் பார்ப்பவருக்கு 150 போதும். கையில் பிடித்துச் சரக்குப் பட்டியலைத் தமிழில் படிப்பவருக்கு 224 நல்லது. ண, ன சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டாது.

மாணவர்களுக்காக மத்திய அரசு 2011 அக்டோபரில் வெளியிட்ட ஆகாஷ் டேப்லெட்டை நினைத்துப் பாருங்கள். 7 அங்குலத் திரை, 800×480 புள்ளி. தொடுதிரை மந்தம், வேகம் இல்லை, பேட்டரி நிற்கவில்லை என்பதே பெரிய குறையாக இருந்தது. 2012 நவம்பரில் வந்த ஆகாஷ் 2-லும் அதே புள்ளிகள்தான். தொடுதிரையையும் வேகத்தையும் மாற்றினார்கள்.

ஆகவே வாங்குமுன் டேப்லெட்டை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். 2.5, 25 இரண்டையும் அடித்து, இரண்டடி தள்ளி நின்று படியுங்கள். நம் கை மாவும் எண்ணெயும் பட்ட கை. விரல் பட்டதும் வேலை செய்கிறதா என்று சோதியுங்கள். எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளக் காசு செலவில்லை. இவ்வளவும் தேறிய பிறகு மிச்சப் பணம் இருந்தால் துல்லியத்துக்குக் கொடுங்கள்.

தராசின் முள்ளைப் பார்த்து வாங்குகிற நாம், திரையையும் அப்படியே பார்த்து வாங்குவோம்.