அணை நிரம்பி வழிகிறது... வலையில் மீன் இல்லையே! மேட்டூரில் என்ன நடக்கிறது?

மேட்டூர்,

ஆடிப்பெருக்கு அன்று மேட்டூருக்கு குடும்பத்தோடு போகிறவர்கள் காவிரியில் குளித்துவிட்டு, அணை முனியப்பனை கும்பிட்டுவிட்டு, அடுத்து தேடுவது பொரித்த மீன் கடையைத்தான். அங்கே போனதும் ஒரு கேள்வி கட்டாயம் வரும். "டேம் நிறைய தண்ணி கிடக்குது, மீனு மட்டும் ஏன் இந்த விலை?"

கேள்வி நியாயமானதுதான். ஆனால் தண்ணீர் ஜாஸ்தி என்றால் மீனும் ஜாஸ்தியாகச் சிக்கும் என்று நினைப்பது தப்பு. அணை கிடுகிடுவென நிரம்பும் நேரத்தில்தான் பரிசல் மீனவர்கள் பலர் வெறும் வலையோடு கரைக்கு வருகிறார்கள்.

தினமும் சாயங்காலம் பேப்பரில் வருகிற மேட்டூர் அணை நீர்மட்டத்தை டெல்டா விவசாயி வயலுக்குத் தண்ணீர் வருமா என்று பார்க்கிறார். பண்ணவாடி, கோட்டையூர், நாகமரை, ஒட்டனூர் பக்கத்து மீனவர் அதே செய்தியை வேறு கணக்கோடு பார்க்கிறார். ராத்திரி வலையை எங்கே விடுவது, விடலாமா வேண்டாமா என்பதை அவருக்குச் சொல்வது அந்த அடிக்கணக்குதான்.

மீனுக்கும் மாடி உண்டு

1934-ம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. கொள்ளளவு 93.47 டி.எம்.சி. நிரம்பினால் சுமார் 150 சதுர கிலோமீட்டருக்கு தண்ணீர் பரவி நிற்கும். கட்லா, ரோகு, மிர்கால், அரஞ்சான், கெளுத்தி, ஆரால், ஜிலேபி என்று பல ரகம் இங்கே கிடைக்கிறது. மீன்வளத்துறையிடம் உரிமம் வாங்கியவர்கள்தான் வலை போட முடியும்.

எல்லா மீனும் ஒரே இடத்தில் மேயாது. கட்லாவுக்கு வாய் மேல்நோக்கி இருக்கும். தண்ணீரின் மேல்மட்டத்தில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளைத் தின்னும். ரோகு நடுவில் மேயும். மிர்காலுக்கு வாய் கீழ்நோக்கி இருப்பதால் அடியில் சேற்றைக் கிளறித் தின்னும். மூன்று மாடி வீட்டில் மூன்று குடித்தனம் மாதிரி. எந்த மீனுக்கு வலை என்பதைப் பொறுத்து வலையை மேலே மிதக்கவிடுவதா, அடியில் இறக்குவதா என்று மீனவர்கள் முடிவு செய்கிறார்கள். ஜிலேபி கரையோர ஆழமில்லாத இடத்தில் குழி பறித்து, முட்டையை வாயிலேயே வைத்து அடைகாக்கும். ஓடுகிற தண்ணீர் அதற்குத் தேவை இல்லை. வருஷத்தில் பல தடவை குஞ்சு பொரிக்கும். எந்த மாதம் போனாலும் ஜிலேபி கிடைப்பதன் ரகசியம் இதுதான்.

நந்தி தெரிகிற காலம்

டெல்டா பாசனத்துக்கு ஜூன் 12-ந் தேதி திறந்து ஜனவரி 28-ந் தேதி மூடுவது அணையின் வழக்கம். மூடிய பிறகும் குடிநீருக்கு தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். மழை கைகொடுக்காத வருஷங்களில் கோடையில் நீர்மட்டம் 80 அடிக்கும் கீழே போனால் பண்ணவாடியில் மூழ்கிக்கிடக்கும் பழைய கிறிஸ்தவ ஆலய கோபுரம் தலைகாட்டும். 70 அடி அளவுக்கு வந்தால் ஜலகண்டேஸ்வரர் கோவில் நந்தியும் வெளியே வரும். அதைப் பார்க்க கூட்டம் போகும். மீனவர்களுக்கோ அது அறுவடைக்கான அறிவிப்பு.

பரந்து கிடந்த மீன் எல்லாம் பழைய ஆற்றுப் பள்ளத்திலும் மடுவிலும் ஒதுங்கிவிடும். குறைந்த இடத்தில் நிறைய மீன். வலை போட்டால் சிக்கும்.

ஆனால் கோடையில் இன்னொரு தொல்லை. சூடான தண்ணீரில் பிராணவாயு குறைவாகத்தான் கரையும். தேங்கிய இடத்தில் பச்சைப் பாசி படர்ந்து நாற்றம் அடிக்கும். பண்ணவாடி, கோட்டையூர் பக்கத்து மக்கள் பல வருஷமாக இதை அனுபவிக்கிறார்கள். பாசி பகலில் பிராணவாயுவை விடும். ராத்திரியில் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்குவதைப் பார்க்கலாம். சில நாட்களில் செத்தும் மிதக்கும். ஜிலேபி கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், கட்லா தாங்காது.

சிக்கிய மீனும் வெந்நீர் மாதிரி இருக்கும் தண்ணீரில் சீக்கிரம் செத்து மெத்தென்று ஆகிவிடும். அப்படிப்பட்ட மீனை வியாபாரி தொடமாட்டார். கோடையில் இருட்டோடு பரிசலைக் கிளப்பி, வெயில் ஏறும் முன்பே வலையை எடுத்து ஐஸ் பெட்டியில் போடுவது இதற்காகத்தான்.

40 அடியில் இருந்து 120 அடி

இனி அந்த ஆடி மாதக் கேள்விக்கு வருவோம். 2024-ம் ஆண்டு ஜூலை தொடக்கத்தில் நீர்மட்டம் 40 அடி அளவில்தான் கிடந்தது. ஜூன் 12-ந் தேதி மதகு திறக்கவில்லை. கர்நாடகத்தில் மழை கொட்டி கபினியும் கிருஷ்ணராஜசாகரும் நிரம்ப, அதே ஜூலை 30-ந் தேதி மேட்டூர் 120 அடியைத் தொட்டுவிட்டது. ஒரே மாதத்தில் 80 அடி!

நேற்று வரை சின்ன பள்ளத்தில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்த மீனுக்கு திடீரென்று ஒரு தாலுகா அளவுக்கு இடம் கிடைத்தால் என்ன செய்யும்? சிதறி ஓடிவிடும். மீன் எண்ணிக்கை அதேதான். தண்ணீர்தான் பல மடங்கு. வலையில் எப்படி விழும்?

இது ஒரு காரணம். இன்னொரு காரணம், கட்லா, ரோகு, மிர்கால் மூன்றுமே புதுத் தண்ணீரின் மணம் பட்டதும் ஓட்டத்தை எதிர்த்து மேலே ஏறும். அதுதான் அவற்றின் முட்டையிடும் காலம். நின்ற தண்ணீரில் இவை முட்டை விடாது. மேட்டூரில் உள்ள அரசு மீன் பண்ணையில் தாய் மீனுக்கு ஊசி போட்டு குஞ்சு எடுப்பது அதனால்தான்.

அந்த நேரத்தில் ஆற்று முகத்தில் வலை கட்டினால் வயிறு உப்பிய மீன் சிக்கும். கலங்கல் தண்ணீரில் மீனுக்கு வலையும் தெரியாது. எடை நிற்கும், காசும் நிற்கும். வாரக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருந்த வீட்டில் அந்த ஒரு மீன் அரிசிக்கும் பிள்ளை பீஸுக்கும் ஆகும். ஆனால் அந்த வயிற்றில் இருப்பது லட்சக்கணக்கான முட்டை. அதை இன்று விற்றால் அடுத்த வருஷம் அதே மீனவர்தான் வெறும் வலையை இழுக்கவேண்டும். இரண்டு விரல்கூட நுழையாத சின்னக் கண்ணி வலை போட்டு குஞ்சையும் வாரிக்கொண்டு போவது அதைவிட மோசம். கால் கிலோகூட தேறாத கட்லாவை கூறு போட்டு விற்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

ஆடிக் காற்றும் பரிசலும்

உயிர் பயமும் அந்த மாதத்தில்தான். பிலிகுண்டுலுவில் அளக்கிற நீர்வரத்து ஏறுகிறது என்றால் ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்ட தடை வந்துவிடும். அங்கிருந்து வருகிற வெள்ளம் மரம் மட்டையை எல்லாம் அடித்துக்கொண்டு வந்து வலையைக் கிழிக்கும். போதாக்குறைக்கு தென்மேற்குக் காற்று. பரிசலுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. வட்டமான தட்டு. அலை எழும்பினால் கிறுகிறுவென சுற்றும். வலையை இழுக்க ஒரே பக்கம் சாய்ந்தால் கவிழும். நீச்சல் தெரிந்தவர்கூட வலையில் கால் மாட்டிக்கொண்டால் ஒன்றும் செய்ய முடியாது. லைப் ஜாக்கெட் போட்டால் வலை இழுக்க இடைஞ்சல் என்று கழற்றி வைப்பவர்கள் உண்டு. பரிசலில் வைத்த ஜாக்கெட்டால் என்ன பிரயோஜனம்?

அப்போ எப்போதான் மீன்?

நிரம்பி சில வாரம் பொறுத்தால் நிலைமை மாறும். தண்ணீர் வற்றியபோது முளைத்த புல்லும், அங்கே பயிர் செய்ததில் மிச்சமான தட்டையும் மூழ்கி அழுகும். நாற்றம் அடித்தாலும் அது மீனுக்கு உரம் மாதிரி. அழுகலில் நுண்ணுயிர் பெருகும், அதைத் தின்னும் பூச்சி பெருகும், அதைத் தேடி கட்லா புதிதாக மூழ்கிய கரையோரத்துக்கு வரும். மூழ்கிய முள்மரங்களுக்குள் கெளுத்தியும் ஆராலும் ஒண்டும். அங்கே வலை போட்டால் கிழிந்துவிடும் என்பதால் தூண்டில்தான் சரி.

அந்த நேரம் பார்த்து புரட்டாசி வந்து கறி, மீனை நிறுத்திவிடுவார்கள். விலை படுத்துவிடும். மீனவர் பாடு அப்படி.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழைக்கு பாலாறு, தொப்பையாற்றில் தண்ணீர் வந்தால் அந்த முகத்துவாரங்களில் இரை தேடி மீன் கூடும். ஆண்டு முழுவதும் பார்த்தால் கொழுத்த மீன் கிடைப்பது இந்தப் பருவத்தில்தான். மார்கழி, தை குளிரில் மீன் மந்தமாகி ஆழத்துக்குப் போய்விடும். காலையில் போட்ட தூண்டில் அசையாது. வெயில் ஏறி தண்ணீர் கொஞ்சம் சூடானபிறகு மதியத்துக்கு மேல் கடிக்கும். பௌர்ணமி வெளிச்சத்தில் தெளிந்த தண்ணீரில் மீன் வலையைக் கண்டு விலகும் என்பதால் அந்த ராத்திரிகளில் சிலர் பரிசலையே எடுப்பதில்லை.

16 கண் மதகு பக்கம் போகிறவர்களுக்கு

அணை நிரம்பி 16 கண் மதகில் உபரி நீர் விட்டு நிறுத்தியதும், கீழே பாறைக் குழிகளில் மீன் தேங்கி நிற்கும். வேட்டி, சேலை, சாக்கு என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு சனம் இறங்கிவிடுகிறது. உரிமமும் கிடையாது, பரிசலும் கிடையாது. சின்னப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகிறார்கள். மேலே நீர்வரத்து கூடினால் மதகை மறுபடியும் தூக்குவார்கள். பாறை வழுக்கும், ஏறி ஓட நேரம் இருக்காது. குழியில் இறங்கும் முன் அன்றைக்கு பிலிகுண்டுலுவுக்கு எத்தனை கனஅடி வருகிறது என்று ஒரு தடவை விசாரித்துவிட்டு இறங்குவது நல்லது.