நள்ளிரவில் கால் கட்டை விரலில் 'சுரீர்' வலி! வலி போனதும் மாத்திரையை நிறுத்துவது ஆபத்து

கடலூர்,

ராத்திரி படுக்கும்போது கால் நன்றாகத்தான் இருந்திருக்கும். விடிவதற்குள் கட்டை விரல் வீங்கிச் சிவந்து, போர்வை பட்டால்கூட உயிர் போகும். அடிபடவில்லை, சுளுக்கும் இல்லை. அப்படியானால் இது 'கவுட்' எனும் யூரிக் ஆசிட் வாதமாக இருக்கலாம்.

ரத்தத்தில் உள்ள யூரிக் ஆசிட்டை சிறுநீரகம் வெளியேற்ற வேண்டும். அது தேங்கினால் மூட்டுக்குள் ஊசி போன்ற படிகமாக உறைகிறது. அந்த ஊசிதான் குத்துகிறது.

பீர், ஈரல், குடல், நெத்திலி, மத்தி, சர்க்கரை போட்ட குளிர்பானம் எல்லாமே இதைத் தூண்டும். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் நாள் முழுக்க வெயிலில் நின்று, தண்ணீர் குடிக்காமல், சாயங்காலம் பீரும் நெத்திலி வறுவலும் என்றால் கேட்கவே வேண்டாம்! பருப்பை ஒதுக்கத் தேவையில்லை. சிதம்பரம் கத்தரிக்காய் கொத்சுவையும் தாராளமாகச் சாப்பிடலாம்.

வலி வந்தால் காலை உயரத் தூக்கி வையுங்கள். துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை 20 நிமிடம் வைக்கலாம். எண்ணெய் போட்டு உருவ வேண்டாம். காய்ச்சலும் சேர்ந்து வந்தால் மூட்டில் கிருமி புகுந்திருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பலர் செய்யும் தப்பு, மெடிக்கலில் கேட்டு வலி மாத்திரை வாங்கி விழுங்குவது. சுகர், பி.பி. இருப்பவர்களுக்கு அது கிட்னியைக் கெடுத்துவிடும்.

கவுட் வலிக்கு டாக்டர்கள் தரும் கோல்சிசின் மருந்து, நம் மாநில மலரான செங்காந்தள் செடியில் இருந்தும் எடுக்கப்படுகிறது. அதற்காகவே கரூர், திண்டுக்கல் பக்கம் இதைப் பயிர் செய்கிறார்கள். அதற்காக 'மருந்துச் செடிதானே' என்று அதன் கிழங்கையோ விதையையோ வாயில் வைத்துவிடாதீர்கள். கொடிய விஷம். உயிரே போய்விடும்!

வலி சில நாளில் தானாகவே அடங்கும். ஆனால் படிகம் மூட்டுக்குள்ளேயே இருக்கும். அடிக்கடி வலி வருபவர்களுக்கு யூரிக் ஆசிட்டைக் குறைக்க அலோபுரினால் மாத்திரை தருவார்கள். ரத்தத்தில் அளவு 6-க்குக் கீழே இறங்க வேண்டும். ஆரம்பித்த சில மாதங்களில் வலி திரும்ப வரலாம். 'மாத்திரை ஒத்துக்கலை' என்று அப்போது நிறுத்துவதுதான் பெரிய தப்பு. உடம்பில் தடிப்பு கிளம்பினால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

கடலூர் அரசு தலைமை மருத்துவமனை, சிதம்பரம் அண்ணாமலைநகர் அரசு மருத்துவக்கல்லூரி மருத்துவமனைகளில் காட்டலாம். பி.பி.க்கு ஏற்கனவே சாப்பிடும் மாத்திரைச் சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். சிறுநீர் பிரியத் தரும் சில மாத்திரைகளே யூரிக் ஆசிட்டைக் கூட்டிவிடும்.