ரத்தத் துளி சொல்லும் சேதி!

கர்நாடக எல்லையை ஒட்டிய ஊர் பேரிகை. பொழுது விடிந்தால், ஓசூர் ஆலைகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் பஸ்ஸுக்குக் காத்து நிற்பார்கள். அவர்களில் ஒருவர் உடம்பில் எச்.ஐ.வி. கிருமி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆளைப் பார்த்தால் தெரியாது. நன்றாகத்தான் இருப்பார். ஆனால் அவருக்கு வரப்போகும் ஆபத்தை ரத்தம் முன்கூட்டியே சொல்லிவிடும்!

சென்னையில் தெரிந்தது

இந்தியாவில் இந்தக் கிருமி இருப்பது 1986-ம் ஆண்டு தெரியவந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் ரத்தம் சேகரித்தார்கள். அதை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தார்கள். 6 பேரின் ரத்தத்தில் கிருமியின் அடையாளம் தெரிந்தது. நாடே திடுக்கிட்டது!

காவல்காரர்கள்

நம் ரத்தத்தில் நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் உண்டு. அவற்றில் ஒரு வகைக்கு "சி.டி.4" என்று பெயர். இவை ஊர்க் காவல்காரர்கள் போல. எச்.ஐ.வி. கிருமி இந்தக் காவல்காரர்களைத்தான் கொல்கிறது.

நல்ல உடம்பில், ஒரு கன மில்லி மீட்டர் ரத்தத்தில் 500-க்கு மேல் சி.டி.4 அணுக்கள் இருக்கும். 200-க்குக் கீழே இறங்கினால் பல நோய்கள் எளிதில் தொற்றும். 50-க்குக் கீழே இறங்கினால் பேராபத்து!

உறங்கும் பகைவன்

அது என்ன ஆபத்து? "சைட்டோமெகலோ" என்று ஒரு வைரஸ். நம்மில் பெரும்பாலோர் உடம்பில் அது சிறு வயதிலேயே புகுந்து உறங்கிக் கிடக்கிறது. காவல் இருக்கும் வரை வாலாட்டாது. காவல் போனால் விழித்துக்கொள்ளும். கண்ணின் விழித்திரையை அரிக்கும். அரித்த இடத்தில் போன பார்வை திரும்பாது.

அந்த வைரஸ் ரத்தத்தில் பெருகுகிறதா என்று பார்க்கவும் சோதனை உண்டு. பெருகினால் ஆபத்து கூடுதல் என்று பொருள். ஆனால் பெருகிய எல்லோருக்கும் கண் கெடும் என்பதில்லை. ஆகவே, சி.டி.4 மிகவும் குறைந்தவர்கள் கண் டாக்டரிடம் விழித்திரையைக் காட்ட வேண்டும். கண் முன் கரும்புள்ளி மிதந்தாலும், மின்னல் வெட்டினாலும், பார்வை மங்கினாலும் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. சிலருக்கு இந்த அறிகுறிகூடத் தெரியாது!

அக்கி வேறு மாதிரி. சின்னம்மை வைரஸ் நரம்பில் ஒளிந்திருந்து அக்கியாக வெளிவருகிறது. சி.டி.4 அதிகம் குறையாதவர்களுக்கும் அது வரலாம். எல்லா நோயையும் ஒரே எண்ணை வைத்துச் சொல்லிவிட முடியாது.

மருந்து உண்டு

பயப்பட வேண்டாம். 2004 முதல் அரசு ஆஸ்பத்திரிகளில் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. 2017 முதல், சி.டி.4 எவ்வளவு இருந்தாலும் கிருமி உள்ள எல்லோருக்கும் மருந்து உண்டு. தவறாமல் சாப்பிட்டால் கிருமி அடங்கும். காவல்காரர்கள் மறுபடி பெருகுவார்கள். உறங்கும் பகைவன் உறங்கியே கிடப்பான்.

தாமதமாக வருகிறவர்களுக்குத்தான் ஆபத்து. ஊர் என்ன சொல்லுமோ என்று சோதனைக்கே போகாமல் இருப்பவர்கள் உண்டு. அந்தக் கவலை வேண்டாம். அரசு ஆஸ்பத்திரியில் உள்ள நம்பிக்கை மையத்தில் சோதனை இலவசம். முடிவை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்று 2017-ல் சட்டமே வந்திருக்கிறது. 1097 என்ற எண்ணில் கேட்டாலும் விவரம் சொல்வார்கள்.

ஒரு துளி ரத்தம் கொடுக்க ஒரு நிமிடம் போதும். அது காப்பாற்றுவது இரண்டு கண்களை, ஒரு குடும்பத்தை!