வீட்டிலேயே வெஜ் டாக்கோ: மிச்சமான காசு எங்கே போகுது?

சங்கரன்கோவில்னு சொன்னா பலருக்கும் பிரியாணிதான் ஞாபகம் வரும். இன்னைக்கு அதே ஊர்ல இருந்து வெஜ் மெக்சிகன் டாக்கோ கணக்கு. சமையலும் இருக்கு, கடைசியில உங்களுக்கு ஒரு வேலையும் இருக்கு.

மக்காச்சோள ரொட்டிக்குள்ள பயறு, காய், காரமான தக்காளிக் கலவை வச்சு மடிச்சுச் சாப்பிடுறதுதான் டாக்கோ. மக்காச்சோளம், ராஜ்மா, தக்காளி, மிளகாய் எல்லாமே அமெரிக்கக் கண்டத்துல இருந்து உலகத்துக்கு வந்தவை. இப்போ எங்க சுத்துவட்டாரக் கரிசல் காட்டுலயே மக்காச்சோளம் விளையுது. தக்காளிக்குப் பாவூர்சத்திரம் மார்க்கெட் இருக்கு. ஆக, இதுல இறக்குமதி ஆனது பேர் மட்டும்தான்.

செய்முறை (10 டாக்கோ)

ராஜ்மா 200 கிராம் எடுத்து ராத்திரியே ஊற வைங்க. காலையில அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு, புதுத் தண்ணியில குக்கர்ல நல்லா குழைய வேக விடுங்க. அரைவேக்காட்டு ராஜ்மா வயித்தைக் கெடுக்கும். வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகாய்த் தூள் வதக்கி, ராஜ்மாவைச் சேர்த்து மசிச்சிடுங்க.

மக்காச்சோள மாவு ஒரு கப், கோதுமை மாவு ஒரு கப். கடையில கேட்கும்போது கவனம்: சூப்புல போடுற வெள்ளை கார்ன் ஃப்ளோர் வேண்டாம், மஞ்சள் மாவு வேணும். மெக்சிகோவுல சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணியில வேக வச்சு அரைக்கிறதால மாவு ஒட்டும். நம்ம மாவு ஒட்டாது, அதுக்குத்தான் கோதுமை. உப்பு, சுடுதண்ணி விட்டுப் பிசைஞ்சு, 15 நிமிஷம் கழிச்சு சின்னச் சின்னதா தேய்ச்சு தோசைக்கல்லுல சுடுங்க.

தக்காளி, வெங்காயம், பச்சை மிளகாய், மல்லித்தழை பொடியா நறுக்கி எலுமிச்சை பிழிஞ்சா சல்சா ரெடி. க்ரீமுக்குப் பதிலா துணியில வடிகட்டின தயிர். மேல கொஞ்சம் முட்டைக்கோஸ்.

இப்போ கணக்கு

உதாரணத்துக்கு ஒரு விலை போடுறேன், உங்க ஊர் விலையை மாத்திக்கோங்க. ராஜ்மா 32 ரூபாய், ரெண்டு மாவும் 17, காய்கறி 30, தயிர் 15, எண்ணெயும் கேஸும் 20. மொத்தம் 114 ரூபாய். ஒரு டாக்கோ 12 ரூபாய்க்குள்ள முடிஞ்சுது.

இதையே மூணு பேருக்கு ஆப்ல ஆர்டர் பண்ணி 600 ரூபாய் ஆகுதுன்னு வைங்க. அந்த பில்லை ஒரு தடவை விரிச்சுப் பாருங்க. சாப்பாட்டுக்கு 5% ஜிஎஸ்டி (2022 ஜனவரி 1-ல இருந்து இதை ஆப் நிறுவனமே வசூலிச்சுக் கட்டுது), பேக்கிங், டெலிவரி, பிளாட்ஃபார்ம் கட்டணம், அந்தக் கட்டணத்துக்கு மேல 18% ஜிஎஸ்டி. இதுல சாப்பிடுற பொருள் ஒண்ணுதான்!

ஆனா டாக்கோ ஷெல் பாக்கெட், ஜலபீனோ பாட்டில், ரொட்டி அமுக்கும் பிரஸ் எல்லாம் வாங்கிட்டு ஒரே தடவை செஞ்சா, ஆர்டர் பண்ணினதை விட நஷ்டம். சப்பாத்திக் கட்டையே போதும்.

உங்களுக்கான வேலை

மாசம் ரெண்டு தடவை வீட்டுல செஞ்சா வித்தியாசம் 972 ரூபாய். இது சேமிப்பா? இன்னும் இல்லை. சம்பள அக்கவுண்ட்லயே கிடந்தா அடுத்த சேல்ல ஒரு டி-ஷர்ட்டா போயிடும். செலவு பண்ணாத காசு வேற, சேமிச்ச காசு வேற.

சாப்பிட்டுக் கை கழுவின உடனே 486 ரூபாயைத் தனி அக்கவுண்டுக்கு மாத்துங்க. மாசக் கடைசியில 28 ரூபாய் சேர்த்து ஆயிரமா எஸ்ஐபி-ல போடுங்க. 10 வருஷத்துல நீங்க போட்டது 1,20,000. வருஷம் 8% கிடைச்சா சுமார் 1.84 லட்சம், 12% கிடைச்சா சுமார் 2.32 லட்சம். மியூச்சுவல் ஃபண்டுல எந்த வருமானத்துக்கும் உத்தரவாதம் கிடையாது, இது வெறும் கணக்கு. எமர்ஜென்சி ஃபண்ட் இல்லாதவங்க முதல்ல ஆர்டி-ல இருந்து ஆரம்பிங்க.

வெளியில சாப்பிடவே கூடாதுன்னு நான் சொல்லல. ஆசைப்பட்டா போங்க, ரசிச்சுச் சாப்பிடுங்க. வீட்டுல செய்யுற அன்னைக்கு மட்டும், அடுப்பை அணைக்கிற கையோட பணத்தையும் மாத்திடுங்க.