ஒரு மணி நேரம் மறக்காத அணுக்கள்

எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுத்திருப்பவருக்குக் கேட்பது 'டக் டக்' சத்தம்தான். அந்த நேரத்தில் காதுக்கு எட்டாத ரேடியோ அலைத் துடிப்புகள் உடம்பிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களைத் தட்டி எழுப்புகின்றன. கிடைக்கும் பதிலோ மிக மெல்லியது. 3 டெஸ்லா காந்தத்தில்கூட, பத்து லட்சம் அணுக்கருக்களுக்குப் பத்து என்ற அளவில்தான் ஒரு பக்கம் கூடுதலாகச் சாய்ந்திருக்கும்.

இந்தச் சாய்வைச் செயற்கையாகப் பெருக்கலாம். கரைசலில் சிக்னலைப் பத்தாயிரம் மடங்குக்கு மேல் கூட்டும் வழி 2003-ல் வந்தது. பத்து ஆண்டு கழித்து, சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம் புராஸ்டேட் புற்றுநோயாளிகள் 31 பேரிடம் நடத்திய ஆய்வு வெளியானது. அப்படித் தயாரித்த பைருவேட்டை உடலில் செலுத்தி, கட்டி அதை லாக்டேட்டாக மாற்றுவதைப் படமாகவே பார்த்தார்கள். ஆனால் பைருவேட் ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் தன் சாய்வில் பெரும்பகுதியை இழந்துவிடும். தரம் பார்த்து ஊசியில் ஏற்றுவதற்குள் பாதி கரைந்துவிட்டால் என்ன செய்வது?

2004-ல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் மால்கம் லெவிட் குழு ஒரு விடை தந்தது. மூலக்கூறில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு அணுக்கருக்களை எதிரெதிராக இணைத்து, மொத்தக் காந்தத்தைச் சுழியாக்கிவிடலாம். இதற்கு சிங்க்லெட் நிலை என்று பெயர். சாய்வு கரைவதற்கு முக்கியக் காரணம், பக்கத்து அணுக்கருக்கள் ஒன்றையொன்று காந்தத்தால் இடிப்பது. அந்த இடி இரண்டுக்கும் சமமாக விழுவதால் இந்த ஜோடியைக் கலைக்க முடிவதில்லை.

பாதுகாப்பு அதே அளவுக்குத் தடையும் ஆகிறது. வெளியிலிருந்து வரும் ரேடியோ அலைக்கும் ஜோடி செவிசாய்க்காது. அப்படியானால் உள்ளே எதையும் வைப்பது எப்படி, எடுப்பது எப்படி? இரண்டு அணுக்கருக்களின் சுற்றுச்சூழலில் மயிரிழை வேறுபாடு இருக்கும்படி மூலக்கூறைச் செய்கிறார்கள். அந்த வேறுபாட்டைத் துடிப்புகளால் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருக்குகிறார்கள்.

2015-ல் அதே குழு நாப்தலீன் வகை மூலக்கூறு ஒன்றை எடுத்துக்கொண்டது. அதிலிருந்த இரண்டு கார்பன்-13 அணுக்கருக்களின் பிணைப்பு சுமார் 54 ஹெர்ட்ஸ். 9.4 டெஸ்லா காந்தத்தில் அவற்றின் வேறுபாடு வெறும் 6 ஹெர்ட்ஸ். முதலில் ஒரு துடிப்பு சாய்வைப் படுக்க வைக்கும். பிறகு சுமார் 9 மில்லிவினாடிக்கு ஒன்றாக, அணுக்கருவைத் தலைகீழாகத் திருப்பும் துடிப்புகள் ஏறத்தாழ 14. இடையில் கட்டம் மாற்றிய ஒரு துடிப்பு, அதன்பின் மேலும் 7. ஊஞ்சலை அதன் வீச்சுக்கு ஏற்பத் தள்ளினால்தான் உயரம் ஏறும். தாளம் தப்பினால் நின்றுவிடும். இங்கும் நேரக்கணக்குதான் எல்லாமே. திரும்ப எடுக்க அதே வரிசையைப் பின்னிருந்து ஓட்டுவார்கள். ஏதும் சேதமாகாவிட்டாலும், கோட்பாட்டின்படி மூன்றில் இரண்டு பங்கு சிக்னல்தான் மீளும்.

இத்தனை துடிப்புகளில் ஒவ்வொன்றும் துளி பிசகினாலும் பிழை சேர்ந்துகொண்டே போகும். அதனால் ஒரே துடிப்பை மூன்றாகப் பிரித்து, ஒன்றின் பிழையை இன்னொன்று சரிசெய்யும்படி வைக்கிறார்கள். ரே ஃப்ரீமனுடன் சேர்ந்து லெவிட் 1979-ல் சொன்ன உத்தி அது! 2013-ல் வந்த இன்னொரு முறை இன்னும் எளிது: பிணைப்பின் ஹெர்ட்ஸ் கணக்குக்கு ஒத்துப்போகும் மெல்லிய ரேடியோ அலையைக் குறித்த நேரம் செலுத்தினால் போதும்.

நாப்தலீன் மூலக்கூறு, குறைந்த காந்தப்புலத்தில், அறை வெப்பநிலைக் கரைசலில், ஒரு மணி நேரத்துக்கும் மேல் நினைவு காத்தது. அது ஆக்சிஜன் நீக்கிய கரைசல். நோயாளியின் ரத்தத்தில் ஆக்சிஜனும் உண்டு, புரதங்களும் உண்டு. இரண்டுமே இந்த நினைவைச் சீக்கிரம் அழிப்பவை. துடிப்புகள் தயார். ரத்தத்தில் தாக்குப்பிடிக்கும் மூலக்கூறுதான் இன்னும் வேண்டும்.