வலிப்பா, இதயமா?

அலாரம் அலறியதும் மயங்கி விழும் பெண். நீந்துகையில் நினைவிழக்கும் சிறுவன். வலிப்பு என்றுதான் நினைப்போம். சிலருக்குக் கோளாறு மூளையில் இல்லை, இதயத்தில்! 'நீண்ட க்யூ.டி.' என்ற பரம்பரை நோய் அது. 1957-ல் நார்வே மருத்துவர்கள் இருவர், காது கேளாத உடன்பிறப்புகளிடம் இதன் ஒரு வகையைக் கண்டெழுதினர்.

ரயில்வே பாஷையில் சொன்னால், முன் வண்டி பிளாக் செக்‌ஷனைக் காலி செய்யுமுன் பின் வண்டி நுழைவது போல. துடித்த இதயத் தசை அடுத்த துடிப்புக்குத் தயாராகத் தாமதமாகிறது. அதற்குள் இன்னொரு துடிப்பு புகுந்தால் தாளம் குலைந்து உயிருக்கே ஆபத்து.

இ.சி.ஜி. பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும், சிலருக்கு மரபணுச் சோதனையும் தேவை. பீட்டா பிளாக்கர் மாத்திரை பலரைக் காக்கிறது. சில ஆன்டிபயாடிக் மருந்துகள் இவர்களுக்கு ஆகாது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், பெரும்பாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆகவே வீட்டில் ஒருவருக்கு என்று தெரிந்தால், நன்றாக நடமாடும் மற்றவர்களும் இ.சி.ஜி. எடுத்துக்கொள்ளுங்கள்.