‘எக்கவுண்ட் ஃபோர்’: கணக்கும் பதிலும் கேட்கும் ஓர் ஆங்கிலச் சொல்

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளுக்கு வரும் ஆங்கிலக் கடிதங்களையும் அறிக்கைகளையும் தமிழில் வாசித்துச் சொல்லும் வேலையைச் சில காலமாகச் செய்து வருகிறேன். அவற்றில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சொல் ‘எக்கவுண்ட் ஃபோர்’. ஒருமுறை ஓர் அம்மா அந்த இடத்தில் விரலை வைத்து, “இதில எக்கவுண்ட் எண்டு கிடக்கே பிள்ளை, பேங்க் புத்தகத்தையோ கேக்கினம்?” என்று கேட்டார். அவர் அப்படி நினைத்ததில் பிழையில்லை. எங்களுக்குத் தெரிந்த எக்கவுண்ட் வங்கியில் இருப்பதுதான். ஆனால் பின்னால் ‘ஃபோர்’ என்ற சின்னச் சொல் சேர்ந்ததும் பொருள் மாறிவிடுகிறது. வினைச்சொல்லோடு இப்படிச் சிறு சொல் ஒட்டிப் புதுப்பொருள் தருவதை ஆங்கிலத்தில் ‘ஃப்ரேசல் வேர்ப்’ என்பார்கள்.

இந்தச் சொல்லின் வேர் எண்ணுதல். இலத்தீன் மொழியில் எண்ணுவதைக் குறித்த சொல் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. கொம்பியூட்டர் என்ற சொல்லுக்கும் அதே வேர்தான். தமிழிலும் ‘கணக்கு’ எண்ணிக்கையோடு நிற்பதில்லை. கணக்குக் காட்டுகிறோம், கணக்கு ஒப்புவிக்கிறோம், ஒன்றைக் கணக்கில் எடுக்கிறோம். ஆகவே இந்தச் சொல் எங்களுக்கு அவ்வளவு அந்நியம் அல்ல.

அன்றாடப் பயன்பாடுகள்

முதலாவது, காரணம் சொல்லுதல். நெல் விளைச்சல் குறைந்ததற்கு மழை பிழைத்தது காரணம் என்றால், மழை அந்தக் குறைவுக்கு ‘எக்கவுண்ட் ஃபோர்’ செய்கிறது.

இரண்டாவது, பங்கைக் குறித்தல். வீட்டுச் செலவில் பாதி அரிசிக்கும் மாவுக்கும் போகிறது என்பதையும் இதே சொல்லால் சொல்லலாம். புள்ளிவிபர அறிக்கைகளில் வருவது பெரும்பாலும் இந்தப் பொருள்தான்.

மூன்றாவது, பணத்துக்குப் பொறுப்புக் காட்டுதல். மாதர் சங்கப் பொருளாளர் ஒவ்வொரு ரூபாவும் எங்கே போனது என்று பற்றுச்சீட்டோடு காட்ட வேண்டும். இங்கே இரண்டு சிறு சொற்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். யாருக்குக் கணக்குக் காட்டுவது என்பதற்கு ‘எக்கவுண்ட் டு’. எதற்குக் கணக்குக் காட்டுவது என்பதற்கு ‘எக்கவுண்ட் ஃபோர்’. பொருளாளர் அங்கத்தவர்களுக்கு, பணத்துக்காகக் கணக்குக் காட்டுகிறார்.

நான்காவது, ஆட்கள் எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்று உறுதிசெய்தல். படகு கவிழ்ந்தால் பெயர்ப்பட்டியலை வைத்து மீட்கப்பட்டவர், மருத்துவமனையில் உள்ளவர், இறந்தவர் என ஒவ்வொருவரையும் சரிபார்ப்பார்கள். எல்லாருடைய நிலையும் தெரிந்த பின்னரே ‘ஓல் எக்கவுண்டட் ஃபோர்’ என்பார்கள். தெரியாதவர்கள் ‘அன்எக்கவுண்டட் ஃபோர்’.

ஐந்தாவது பொருளை அறிந்தபோது நான் திகைத்துப் போனேன். கிரிக்கெட் செய்திகளில் ஒரு பந்துவீச்சாளர் எதிரணித் தலைவரை ஆட்டமிழக்கச் செய்ததை இதே சொல்லால் எழுதுவார்கள். பழைய போர்ச் செய்திகளில், எதிரிகள் இத்தனை பேரைக் கொன்றோம் என்பதற்கும் இதே சொல்தான். ஆக, ஒருவரின் நிலையை அறிந்து சொல்வதற்கும் அவரைக் கொன்று முடிப்பதற்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் நிற்கிறது. எந்தப் பொருள் என்பதைச் சுற்றியுள்ள வசனத்தை வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

146,679 என்ற எண்

இந்தச் சொல்லோடு எங்கள் நினைவில் பதிந்த எண் 146,679. மறைந்த மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் ஆண்டகை 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு முன் இதை வைத்தார். கிளிநொச்சி, முல்லைத்தீவு கச்சேரிகளின் தரவுப்படி 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தவர்கள் 429,059 பேர். ஐ.நா. தரவுப்படி 2009 ஜூலை 10 வரை அங்கிருந்து அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் 282,380 பேர். மிச்சம் 146,679.

இந்த எண்ணைக் கொல்லப்பட்டோர் தொகையாகச் சிலர் எழுதுகிறார்கள். அது ஆயர் கேட்டதைக் குறைத்துவிடுகிறது. ‘அன்எக்கவுண்டட் ஃபோர்’ என்பது இறந்தவர் என்றோ உயிரோடு இருப்பவர் என்றோ சொல்லவில்லை. இத்தனை பேருக்கு என்ன நடந்தது என்று இன்னும் பதில் சொல்லப்படவில்லை என்பதே அதன் பொருள். தொகை பிழை என்று மறுப்பவர்களும் தங்கள் கணக்கைக் காட்டியாக வேண்டும்.

2020 ஜனவரியில் அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச, காணாமற்போனோர் உண்மையில் இறந்துவிட்டனர் என்று ஐ.நா. வதிவிட ஒருங்கிணைப்பாளரிடம் தெரிவித்தார். இந்தச் சொல்லை அளவுகோலாக வைத்தால் அது பதில் ஆகாது. யார், எங்கே, எப்போது, யாருடைய கையில், எப்படி என்பதில் ஒன்றுக்குக்கூட அதில் விடை இல்லை.

பொறுப்புக்கூறலும் செயப்பாட்டு வினையும்

ஜெனீவாத் தீர்மானங்களில் வரும் ‘எக்கவுண்டபிலிட்டி’ இதே குடும்பச் சொல். தமிழில் பொறுப்புக்கூறல் என்கிறோம். நல்ல சொல்தான். ஆனால் எண்ணிக் காட்டுதல் என்ற பொருள் அதில் விடுபட்டுப் போகிறது. “நாங்கள் பொறுப்பேற்கிறோம்” என்று சொல்வது மட்டும் போதும் போலத் தோன்றிவிடுகிறது. மூலச் சொல்லோ ஆள் ஆளாகக் கணக்குக் கேட்கிறது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்குத் தேடிக் கண்டறியும் பணி உண்டு. ஆனால் அதன் கண்டறிதல்கள் குற்றவியல் அல்லது குடியியல் பொறுப்பை ஏற்படுத்தாது என்று அதே சட்டம் சொல்கிறது. அதாவது, அந்த அலுவலகத்தின் வேலை ஒருவருக்கு என்ன நடந்தது என்று அறிவது. செய்தவரைப் பதில்சொல்ல வைப்பதை ஆங்கிலத்தில் ‘ஹோல்ட் டு எக்கவுண்ட்’ என்பார்கள். அது நீதிமன்றத்தின் வேலை. இரண்டையும் ஒன்றென நம்பி ஏமாறக் கூடாது.

வசன அமைப்பையும் கவனியுங்கள். ‘அன்எக்கவுண்டட் ஃபோர்’ செயப்பாட்டு வினை. பதில் சொல்லாதவர் யார் என்பது அதில் மறைந்திருக்கிறது. தமிழில் ‘காணாமல் போனோர்’ என்பதை மறுத்து ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்று சொல்ல வேண்டுமென உறவுகள் நிற்பதும் இதனால்தான். போனவர் தானாகப் போகவில்லை. ஆக்கியவர் ஒருவர் இருக்கிறார்.

கடிதம் எழுதும்போது

இராணுவத்திடம் சரணடைந்த மகனைப் பற்றி எழுதும் கடிதத்தில் ‘மை சன் இஸ் மிஸ்ஸிங்’ என்று மட்டும் எழுதினால், தேடும் சுமை தாயின் தலையில் விழுகிறது. ‘த ஆர்மி ஹேஸ் நொட் எக்கவுண்டட் ஃபோர் மை சன்’ என்று எழுதினால், கையேற்றவர் பதில் சொல்ல வேண்டும் என்றாகிறது. ஆட்கொணர்வு மனுவின் அடிப்படையும் அதுவே: தடுத்து வைத்தவர் ஆளைக் கொண்டுவர வேண்டும், அல்லது காரணம் காட்ட வேண்டும். ‘ஃபோர்’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். அது இல்லாமல் வசனம் பொருள் தராது.

அந்த வசனத்துக்குக் கீழே கையளித்த திகதி, இடம், கூட இருந்து கண்டவர்கள் ஆகிய விபரங்களை எழுதுங்கள். ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். பதில் கடிதம் வந்தால் அந்த விபரங்களில் எத்தனைக்கு விடை இருக்கிறது என்று ஒவ்வொன்றாக அடையாளமிடுங்கள். விடை இல்லாதவற்றை அடுத்த கடிதத்தில் அதே வரிசையில் மறுபடியும் கேளுங்கள்.